ஒரே காடு, ரெண்டு ரகம்: ஒண்ணுல தேமல், ஒண்ணுல இல்ல. உள்ள என்னதான் நடக்குது?

குச்சிக்காடு (பெத்தநாயக்கன்பாளையம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். மரவள்ளி போடுறவங்களும் இருக்கீங்க, படிச்சவங்களும் இருக்கீங்க, அதனால இங்கயே கேட்டுடறேன்.

கிணத்து மேட்டுக் காட்டுல மேற்கால பாதி பழைய குங்குமரோஸ். கிழக்கால பாதி ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த ரகம். நடுவுல ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். ஒரே தண்ணி, ஒரே எரு. இலையைத் திருப்பிப் பார்த்தா ரெண்டு பக்கமும் தேமல் வைரஸைப் பரப்பற வெள்ளை ஈ உக்காந்திருக்கு. ஆனா மேற்கால இலை எல்லாம் மஞ்சளும் பச்சையுமா திட்டு விழுந்து, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கோணலா நிக்குது. கிழக்கால அங்கொண்ணு இங்கொண்ணுல கீழ் இலையில லேசா இருந்துச்சு. அதுக்கு மேல வந்த கொழுந்து பளிச்சுன்னு இருக்கு.

விசாரிச்சா "அதோட ஜீன்ல எதிர்ப்பு இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. ஜீன் என்னங்க பண்ணுது? மருந்து மாதிரி எதையாவது சுரந்து வைரஸைக் கொல்லுதா? இல்ல உள்ளயே விடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேகோமணி (ஆத்தூர்)

ஜீன் கணக்கு எனக்குத் தெரியாது. ஜவ்வரிசி மில்லு கணக்கு தெரியும். தேமல் அடிச்ச காட்டுக் கிழங்கு வண்டியில வந்து இறங்கும்போதே தெரிஞ்சிடும், விரல் மொத்தம்தான் இருக்கும். பாயிண்ட்டும், அதாவது கிழங்குல இருக்கற மாவோட அளவும், இறங்கும். பாயிண்ட்டுக்குத்தான் விலைங்கறதால எடையிலயும் அடி, விலையிலயும் அடி.

இன்னொண்ணு. உச்சிக்கொழுந்து முடிச்சு போட்ட மாதிரி சுருண்டு, உள்ள வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி. அதுக்கு அனாகைரஸ் லோபெசின்னு குளவி வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்து விட்டாங்க. தேமலுக்கு அப்படி குளவியும் கிடையாது, அடிக்கற மருந்தும் கிடையாது. கடைக்காரர் "வைரஸ் மருந்து"ன்னு பாட்டில் நீட்டுனா வாங்கிறாதீங்க.

ஆய்வுமேசை (சேலம்)

குச்சிக்காடு அண்ணா, சுரக்குதா உள்ள விடாதான்னு ரெண்டு வழி கேட்டிருக்கீங்க. மூணாவதா ஒரு வழி இருக்கு, சுவாரசியமானது அதுதான். பொறுமையா எழுதறேன்.

நம்ம பக்கம் மரவள்ளியில பெரும்பாலும் இருக்கறது இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ். கூடவே இந்திய மரவள்ளி தேமல் வைரஸும் உண்டு. ரெண்டும் ஜெமினி வைரஸ் குடும்பம். இதோட மொத்தச் சொத்து வட்டமான ரெண்டு டிஎன்ஏ துண்டு, ஒவ்வொண்ணும் சுமார் 2,700 எழுத்து. மரவள்ளியோட டிஎன்ஏ எழுபது கோடி எழுத்துக்கு மேல. அந்த ரெண்டு துண்டுல இருந்து விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் புரதம் செய்ய முடியும். அதுல டிஎன்ஏவை நகல் எடுக்கற பாலிமரேஸ் கிடையாது. யோசிச்சுப் பாருங்க, பெருகறதுதான் வைரஸோட ஒரே வேலை, அந்த வேலைக்கான இயந்திரமே அதுகிட்ட இல்ல. செடியோட பாலிமரேஸை எடுத்துத்தான் ஓட்டணும்.

அதுலயும் ஒரு சிக்கல். முத்தின இலையில இருக்கற செல் பிரியறதை நிறுத்திடுச்சு. டிஎன்ஏ நகல் எடுக்கற சாமான்களை மூட்டை கட்டி வச்சிடும். இங்கதான் வைரஸோட ரெப் அப்படிங்கற புரதம் வருது. செடியில ஆர்பிஆர்னு ஒரு புரதம் இருக்கு, "இப்ப பிரியாதே"ன்னு செல்லைப் பிடிச்சு வைக்கறது அதோட வேலை. ரெப் போய் ஆர்பிஆரைப் பிடிச்சுக்கும். பிடி விட்டுப் போனதும் இ2எஃப்ங்கற புரதங்கள் விடுபட்டு, நகல் எடுக்கத் தேவையான ஜீனை எல்லாம் எழுப்பி விட்டுடும். ஓய்வுல இருந்த செல், இலையா வேலை பார்க்க வேண்டிய செல், வைரஸுக்கு டிஎன்ஏ அடிச்சுக் கொடுக்குது. இலையில மஞ்சள் திட்டு விழுந்தா அந்த இடத்துல பச்சையம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அங்க மாவு தயாராகறதும் குறையும். சேகோமணி அண்ணன் சொன்ன பாயிண்ட் அங்கதான் போகுது.

சேகோமணி

புரியுது தம்பி. குடோன்ல சரக்கோட நுழைஞ்சவன், ராத்திரி பூட்டியிருந்த மில்லுல ஸ்விட்சைப் போட்டு, நம்ம கரண்டுல நம்ம மெஷின்ல அவன் மாவை அரைச்சுக்கறான்.

ஆய்வுமேசை

அதேதான் அண்ணா. ஸ்விட்ச்சு ஆர்பிஆர். மெஷின் பாலிமரேஸ்.

வாழப்பாடி வாத்தியார்

+2 பசங்க இந்தப் பக்கத்தைப் படிக்கறதால ஒண்ணு சேர்த்துக்கறேன். ஜீன்ங்கறது டிஎன்ஏவுல இருக்கற குறிப்பு, அது தானா எந்த வேலையும் செய்யாது. அதைப் படிச்சு செல் தயாரிக்கற புரதமும் ஆர்என்ஏவும்தான் வேலை செய்யும். "ஜீன்ல எதிர்ப்பு இருக்கு"ன்னா, அந்த ஜீனோட விளைபொருள் ஏதோ ஒண்ணு மாறியிருக்கு, அல்லது கூடக் குறைய இருக்கு, அல்லது இல்லவே இல்லைன்னு படிக்கணும். எது மாறியிருக்குன்னு கேட்டா மட்டும்தான் பதில் கிடைக்கும்.

குச்சிக்காடு

சரிங்க. அப்ப எங்க கிழக்குப் பாதியில எது மாறியிருக்கு?

ஆய்வுமேசை

உங்க ரகத்தை விடுங்க, உலக அளவுல நல்லா ஆராய்ஞ்ச ஒரு தடுப்பைச் சொல்றேன். மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்கள்ல சிஎம்டி2ன்னு ஒரு தடுப்பு ரொம்ப நாளா பழக்கத்துல இருக்கு. பல நாட்டுல கலப்புக்கு அதைத்தான் எடுத்தாங்க. அதுக்குக் காரணமான ஜீன் எதுன்னு யாருக்கும் பிடிபடல. அதுல ஒரு வேடிக்கையும் இருந்துச்சு. அந்த ரகங்களை ஆய்வகத்துல திசு வளர்ப்புல கரு நிலைக்குக் கொண்டுபோய்ப் புதுச் செடியா எடுத்தா, தடுப்பு காணாம போயிடும்! குச்சி நட்டா தடுப்பு இருக்கும், திசுவுல இருந்து வந்தா இருக்காது.

2022ல விடை வந்துச்சு. டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டா, அதோட முதல் துணை அலகைச் செய்யற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாற்றம். அதனால புரதத்துல ஒரு அமினோ அமிலம் வேற. அவ்வளவுதான். தேமல் நல்லா பிடிக்கற ரகத்துல அதே ஜீனை அடக்கிப் பார்த்தாங்க. அந்தச் செடிகளும் முதல்ல நோய் வாங்கிட்டுப் பிறகு மேல் கொழுந்து சுத்தமா வந்துச்சு. நீங்க எழுதின கிழக்குப் பாதிக் கதை மாதிரியேதான்.

விஷம் எதுவும் சுரக்கல, கதவும் மூடல. வைரஸ் இரவல் வாங்கி ஓட்டற மெஷின்ல ஒரு பல் மாறியிருக்கு. என் கணிப்புல வைரஸ் தடுப்புல பாதி இப்படித்தான் இருக்கும், ஆனா பாடப்புத்தகம் எப்பவும் எதிர்ப்புப் படை எதிர்ப்புப் படைன்னே எழுதும்.

கேள்விக்குறி

இது எனக்கு உதைக்குது. செல்லு தன்னோட டிஎன்ஏவை நகல் எடுக்கற புரதத்துலயே கை வச்சா செடி எப்படி உசுரோட இருக்கும்? எங்க பாட்டன் காலத்துல ஜீனும் இல்ல பாலிமரேஸும் இல்ல, நல்ல குச்சி பார்த்து நட்டாங்க, விளைஞ்சுச்சு. இப்ப எல்லாத்துக்கும் ஒரு ஜீன் பேரு.

ஆய்வுமேசை

முதல் கேள்வி ரொம்பச் சரியானது. அந்தப் புரதம் மொத்தமா இல்லாட்டி செடி கருவுலயே போயிடும். அதனாலதான் இயற்கையில கிடைச்சது மொத்த இழப்பா இல்லாம ஒரு எழுத்து மாற்றமா இருக்கு. செடியோட வேலைக்குப் போதுமானதா, வைரஸோட வேலைக்குச் சரிப்படாததா ஒரு இடைவெளி. அது ரொம்பக் குறுகின இடைவெளி. எல்லாப் புரதத்துக்கும் அப்படி ஒரு இடைவெளி கிடைக்கும்னு சொல்ல முடியாது.

பாட்டன் நல்ல குச்சி பார்த்து நட்டதும் ஜீனைத் தேர்ந்தெடுத்ததுதான். அவருக்குப் பேர் தேவைப்படல.

நுண்ணோக்கி (சேலம், நோயியல் ஆய்வகம்)

ஆர்பிஆர்னு படிச்சதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். எங்க மேசையில தினமும் புழங்கற, மனுச செல்லைப் பிரியாம பிடிச்சு வைக்கற ஆர்பி புரதத்தோட சொந்தக்காரன்தானே அது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்குங்க. ஹெச்பிவி வைரஸும் வட்டமான டிஎன்ஏ, சுமார் 8,000 எழுத்து. அதுக்கும் சொந்தப் பாலிமரேஸ் கிடையாது. மேல் தோல் அடுக்குல பிரியறதை நிறுத்தின செல்லுலதான் அது பெருகணும். அதனால இ7னு ஒரு புரதத்தை வச்சு மனுச செல்லோட ஆர்பியைப் பிடிச்சு நகர்த்தும். இன்னொரு கை இ6. செல்லு கெட்டுப்போனா அதைத் தற்கொலை பண்ணவைக்கற பி53ங்கற புரதத்தை இ6 அழிச்சிடும். பிரேக்கும் இல்ல, காவலும் இல்ல. வருசக்கணக்குல அந்தத் தொற்று போகாம நின்னா புத்து வருது.

இது எங்க கண்ணுக்கே தெரியும். ஆர்பி செயலிழந்த செல், "ஏன் நிக்க மாட்டேங்குது"ன்னு பி16ங்கற இன்னொரு தடுப்புப் புரதத்தை அள்ளி அள்ளிச் செய்யும். ஆனா பிரேக்கு அறுந்த பிறகு அதால பிரயோஜனம் இல்ல. பயாப்ஸி துண்டை மெழுகுல கட்டி, நைசா சீவி, பி16க்குக் கறை போடுவோம். நல்ல செல்லு நீலமா கிடக்கும். வைரஸ் பிடிச்ச அடுக்கு அடிப்பக்கத்துல இருந்து மேல வரைக்கும் விடாம காப்பிப் பொடி நிறத்துல அடர்த்தியா நிக்கும். நாங்க ஸ்லைடுல வைரஸைப் பார்க்கறது கிடையாது. வைரஸ் கைவச்சதால செல்லு தாறுமாறா செஞ்சு குவிச்ச புரதத்தைத்தான் பார்க்கறோம்.

ஹெச்பிவிக்கும் இந்தப் புத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினதுக்குத்தான் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008ல நோபல் கொடுத்தாங்க. தடுப்பூசி இருக்கு. பொண்ணு வச்சிருக்கறவங்க டாக்டர்கிட்ட கேளுங்க, இந்த இழையைப் படிச்சதுக்கு அதாவது மிச்சமாகட்டும்.

வாழப்பாடி வாத்தியார்

மரவள்ளியும் மனுசனும் பிரிஞ்சு நூறு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டுலயும் அதே பிரேக்கு. ரெண்டு வைரஸும் தனித்தனியா வந்து அதே பிரேக்குல கை வைக்குது. நாளைக்கு வகுப்புல இதைத்தான் சொல்லப் போறேன்.

அம்மாபேட்டை அக்கா

நடுவுல வரேன். தேமல் அடிச்ச செடியோட கிழங்கை வேகவச்சுச் சாப்பிட்டா, அந்த மாவுல செஞ்ச ஜவ்வரிசி சாப்பிட்டா நமக்கு அந்த வைரஸ் வராதா? பேரனுக்கு அடிக்கடி பாயசம் வைக்கறேன்.

ஆய்வுமேசை

வராதுங்க அக்கா, தைரியமா வைங்க. இந்த வைரஸ் செடி செல்லுக்குள்ள போறதே வெள்ளை ஈயோட வாய் ஊசி வழியா. மனுச செல்லுக்குள்ள நுழையவோ பெருகவோ அதுக்கு வழி கிடையாது. அதுக்கு மேல கிழங்கை வேகவைக்கறோம், ஜவ்வரிசியை வறுக்கறாங்க. மரவள்ளியில கவனிக்க வேண்டியது சயனைடு சமாச்சாரம். தோலை நல்லா சீவி, வேகவச்ச தண்ணியைக் கொட்டிட்டா போதும்.

சேர்வராயன் (ஏற்காடு, நாகலூர் பக்கம்)

இங்க வீட்டுப் பின்னால கொஞ்சம் குச்சிக்கிழங்கு இருக்கு, கீழ வாழப்பாடியில இருந்து கொண்டுவந்த குச்சி. கீழ அதே குச்சி நட்டவர் காட்டுல சித்திரை, வைகாசியில தேமல் அடங்கின மாதிரி இருந்துச்சு. மேல எங்களுக்கு வருசம் முச்சூடும் இலை கோணல்தான். வெள்ளை ஈ இங்க கம்மி. அப்புறம் ஏன்? ரகம் ஒண்ணுதானே, ஜீனும் ஒண்ணுதானே?

ஆய்வுமேசை

சார், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

செடிக்கும் ஒரு சொந்தப் பாதுகாப்பு இருக்கு. அது புரதம் இல்ல, சின்னச் சின்ன ஆர்என்ஏ. வைரஸ் டிஎன்ஏவுல இருந்து உருவாகற ஆர்என்ஏவைச் செடியோட டைசர்ங்கற நொதி 21லிருந்து 24 எழுத்துத் துண்டா நறுக்கும். அந்தத் துண்டை ஆர்கோநாட்ங்கற புரதம் கையில வச்சுக்கிட்டு, அதோட பொருந்தற வைரஸ் ஆர்என்ஏ எங்க கிடைச்சாலும் வெட்டும். ஆர்என்ஏவை வச்சு ஜீனை அடக்கற இந்த வழியைப் புழுவுல 1998ல விளக்கினதுக்காக ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ரெண்டு பேருக்கும் 2006ல நோபல். செடிக்காரங்க இதோட அறிகுறிகளை அதுக்கு முன்னாலேயே பார்த்துட்டாங்க, பரிசு மட்டும் புழுக்காரங்களுக்குப் போயிடுச்சு.

இந்த நறுக்கற வேலை வெயில்ல வேகமா நடக்கும். மரவள்ளி வைரஸ்களை வச்சே பார்த்திருக்காங்க. 25 டிகிரியில இருந்து 30 டிகிரிக்கு ஏத்தினா சின்ன ஆர்என்ஏ கூடும், அறிகுறி குறையும், வைரஸ் டிஎன்ஏவும் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். வாழப்பாடி சித்திரை வெயில் உங்க செடிக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஜீன் ஒண்ணுதான் சார், ஆனா அதோட விளைபொருள் எவ்வளவு, எந்த வேகத்துல வேலை செய்யுதுங்கறது மலை மேல வேற.

வைரஸும் சும்மா இருக்காது. அதுகிட்ட ஏசி2, ஏசி4னு ரெண்டு புரதம் இருக்கு, இந்த நறுக்கற வேலையைக் கெடுக்க. எது பலசாலிங்கறது வைரஸுக்கு வைரஸ் மாறும். இலங்கை வைரஸுல ஏசி4 கை ஓங்கியிருக்கும், இந்திய வைரஸுல ஏசி2. ரெண்டு வகையும் ஒரே செடியில சேர்ந்துட்டா ஒண்ணு இங்க தடுக்க, இன்னொண்ணு அங்க தடுக்க, செடி படுத்துடும். ஆப்பிரிக்காவுல உகாண்டா பக்கம் 1990கள்ல மரவள்ளியே அழியற நிலை வந்தப்ப, இப்படி ரெண்டு வைரஸ் கூட்டுச் சேர்ந்ததும், ரெண்டும் கலந்து புது வைரஸ் உருவானதும் பெரிய காரணம்.

கேள்விக்குறி

சரி, ஒத்துக்கறேன். இவ்வளவு தெரிஞ்ச பிறகு கிரிஸ்பர்ங்கற டிஎன்ஏ வெட்டற கத்திரியை வச்சு வைரஸையே வெட்டிட வேண்டியதுதானே? எதுக்கு இன்னும் குச்சி, கலப்புன்னு?

ஆய்வுமேசை

செஞ்சு பார்த்தாச்சு. 2019ல வெளியான ஆய்வு. மரவள்ளிச் செடிக்குள்ளயே கத்திரியை வச்சு, ஆப்பிரிக்கத் தேமல் வைரஸோட ஒரு இடத்தைக் குறிவச்சாங்க. செடிக்குத் தடுப்பு கிடைக்கல. அதோட நிக்காம, வெட்டு விழற இடத்துல ஒரு எழுத்து மாறின வைரஸ் கிளம்பி வந்துச்சு, அதை அந்தக் கத்திரி தொட முடியாது. வைரஸ் பக்கம் கை வச்சா அது மாறித் தப்பிக்கும், பெருகற வேகம் அப்படி. செடியோட விளைபொருளை மாத்தினா வைரஸ் தப்பிக்கறது கஷ்டம், ஆனா செடிக்கு என்ன செலவுன்னு பார்க்கணும். நான் செடிப் பக்கம்தான் நிப்பேன். நம்ம ஊர்ல வெளி ஜீன் சேர்க்காம சொந்த ஜீனை மட்டும் திருத்தின பயிருக்கு 2022லயே விதி தளர்ந்திருக்கு, 2025ல அப்படி ரெண்டு நெல் ரகத்தை அறிவிச்சாங்க. மரவள்ளிக்கு இன்னும் வரல.

நுண்ணோக்கி

"என்ன செலவு"ன்னதுக்கு மனுசக் கதை ஒண்ணு. ஹெச்ஐவி நம்ம வெள்ளணுவுக்குள்ள நுழைய சிடி4ங்கற புரதமும் வேணும், பெரும்பாலும் சிசிஆர்5ங்கற இன்னொண்ணும் வேணும். வட ஐரோப்பாவுல நூத்துக்கு ஒருத்தர் போல அந்த ஜீன்ல 32 எழுத்து விழுந்துபோன நகலை அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வாங்கியிருப்பாங்க. நம்ம நாட்டுல அது ரொம்ப அபூர்வம். அவங்க செல்லு மேல சிசிஆர்5 இருக்காது, வழக்கமான ஹெச்ஐவி நுழைய முடியாது. 2007ல பெர்லின்ல திமோதி ரே பிரவுன்ங்கறவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக அப்படி ஒரு கொடையாளியோட ஸ்டெம் செல்லைப் போட்டாங்க. புத்துக்கு வைத்தியம் பண்ணப் போய் ஹெச்ஐவியும் போச்சு. 2020ல அவர் இறந்தது புத்து திரும்பி வந்ததால, ஹெச்ஐவி திரும்பவே இல்ல.

இதைக் கேட்டுட்டு "அப்ப எல்லாருக்கும் சிசிஆர்5ஐ வெட்டிடலாமே"ன்னு தோணும். 2018ல சீனாவுல ஒருத்தர் குழந்தைங்க கருவுலயே அந்த ஜீனைத் திருத்தி, ஜெயிலுக்குப் போனார். சிசிஆர்5 சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கற புரதம் கிடையாது. வெள்ளணுவை எங்க போகணும்னு வழிகாட்டற வேலை அதுக்கு இருக்கு. அது இல்லாதவங்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொத்தினா நோய் முத்தற ஆபத்து கூடும். ஒரு வைரஸுக்குக் கதவை எடுத்தா இன்னொரு வைரஸுக்கு ஆள் அனுப்ப வழி இல்ல.

குச்சிக்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. வாசிச்சு வாசிச்சு ரெண்டு தடவை வாய்க்கால் ஓரம் போய் இலையைப் பார்த்துட்டு வந்துட்டேன். கடைசியா ஒண்ணு. கிழக்குப் பாதியில கீழ் இலையில தேமல் வந்து, மேல தெளிஞ்ச செடி இருக்குல்ல, அதுல இருந்து அடுத்த பட்டத்துக்குக் குச்சி எடுக்கலாமா? மேற்குப் பாதியில இருந்தும் நல்லா தெரியற செடியா பார்த்து எடுக்கலாமா?

ஆய்வுமேசை

மேற்குப் பாதியில இருந்து வேண்டவே வேண்டாம். குங்குமரோஸ்ல இலை தெளிவா தெரிஞ்சாலும் தண்டுக்குள்ள வைரஸ் இருக்கும், வெயில் குறைஞ்சதும் வெளிய வரும்.

கிழக்குப் பாதியில முதல் தேர்வு, கீழ இருந்து மேல வரைக்கும் தேமலே காட்டாத செடி. அது போதலைன்னா தெளிஞ்ச செடியோட மேல் பக்கத் தண்டை மட்டும் எடுங்க, அடித்தண்டை விட்டுடுங்க. தடுப்புள்ள ரகத்துல வைரஸ் தண்டு முழுக்கச் சமமா பரவாது, அதனால மேல் பக்கக் குச்சி சிலது வைரஸ் இல்லாமலே முளைக்கும். தெளிஞ்ச செடின்னா வைரஸ் செத்துப்போச்சுன்னு மட்டும் நினைக்காதீங்க. இப்பவே, இலை நிக்கும்போதே, எடுக்கப்போற செடியில ஒரு துணி கட்டி வச்சிடுங்க. அறுவடைக்கு இலை கொட்டின பிறகு எது எதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது.

சேகோமணி

துணி கட்டறதுன்னா சிவப்புத் துணியா கட்டுங்க. வெட்டற ஆளுங்க அவசரத்துல வெள்ளைத் துணியைப் பார்க்க மாட்டாங்க.